சிரிப்பு நடிகர்களின் கையொப்பப் படங்கள்

பொருள் சேர்ப்பதிலே மனிதருக்குள்ள ஆசை பலவகைப்பட்டது. தபால்தலை சேர்ப்போர் உண்டு. பழங்காசு சேர்ப்போர் உண்டு. தீப்பெட்டியின்மேல் ஒட்டிய படங்களை உரித்தெடுத்துச் சேர்ப்போரும் உண்டு. நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது அவற்றைப்போல் புகழ் பெறாத ஓர் ஆசை. திரைப்படங்களில் நம்மைச் சிரிக்க வைத்த நடிகர்களின் நிழற்படங்களை, அவர்கள் தம் கையாலேயே பெயரெழுதித் தரப்பெற்றுப் பாதுகாப்பது என்பதே அது. கதாநாயகனின் படத்தைச் சுவரில் மாட்டினால் அழகுக்காக என்பார்கள். கதாநாயகியின் படமாயின் கேட்கவே வேண்டாம். சிரிப்பு நடிகரின் படத்தை மாட்டியவனிடம் மட்டும், "இதை எதற்காக வைத்திருக்கிறாய்?" என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நியாயமான விடை ஒன்று இருக்கிறது என்பது நம் எண்ணம்.

திருவனந்தபுரத்திற்கு வந்தவர்களில் சாலைத் தெருவைப் பாராமல் திரும்பியவர் குறைவு. கிழக்கே கோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் வரையில் நீளும் கடைத்தெரு அது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இராஜா கேசவதாஸ் என்னும் திவான் அமைத்த அங்காடி என்பது வரலாறு. கருப்பட்டி, கொப்பரை, வெற்றிலை, பாத்திரம், பூ, பலசரக்கு என்று எதை நாடிப் போனாலும் அங்கே கிடைக்கும். வாங்க வருவோரிடம் விலை பேசும் மொழி மலையாளம். கல்லாவுக்குப் பின்னால் தம்மவரோடு பேசும் மொழி பல கடைகளிலே தமிழ். அத்தெருவையே தம் கதைகளின் களமாகக் கொண்ட ஆ. மாதவன் (1934–2021) அங்கேயே கடை நடத்தியவர் என்பதைத் தமிழ் நாவல் படிப்போர் அறிவார்கள்.

கடைகளிலே கல்லாவுக்கு மேல் சாமி படங்கள் வரிசையாக இருக்கும். பழைய கடைகள் சிலவற்றில், அந்த வரிசையிலிருந்து ஒரு சாண் தள்ளி, கண்ணாடியிட்ட வேறொரு படமும் இருந்ததை நாம் கண்டதுண்டு. அது கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனுடைய படம். பூமாலை சாமிக்கு மட்டுந்தான். ஆனால் தூசி துடைக்கும்போது எல்லாவற்றையும் சேர்த்தே துடைப்பார்கள்.

கலைவாணருக்குச் சாலையிலே இருந்த உரிமை, சென்னைக்காரர்களுக்கு எளிதில் விளங்காது. அவர் 1908 நவம்பர் 29இல் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்தவர். அந்நாளில் நாகர்கோவில் திருவிதாங்கூர் ராஜ்யத்தைச் சேர்ந்தது. திருவனந்தபுரம் அதன் தலைநகர். 1925ஆம் ஆண்டு டி. கே. எஸ். சகோதரர்கள் திருவனந்தபுரத்திலே தொடங்கிய நாடகச் சபையில்தான் கிருஷ்ணன் இளம் பருவத்தில் சேர்ந்து நடித்தார். அச்சகோதரர்களின் பெயர்களுக்கு முன்னுள்ள 'டி' என்ற எழுத்தே திருவனந்தபுரத்தைக் குறிப்பதாகும். ஆகவே சாலை வியாபாரி ஒருவர், "கிருஷ்ணன் நம்ம ராஜ்யத்து ஆள்" என்று சொன்னால் அது வெறும் பெருமைப் பேச்சன்று.

1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்தன. திருவனந்தபுரம் கேரளத்தின் தலைநகராயிற்று. மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் இதைக் கேட்கும் நேயர்களே, நீங்கள் ஊரிலிருந்து புறப்பட்டுச் சென்று பிற மாநிலத் தமிழர் ஆனீர்கள். சாலைத் தமிழரில் பலர் எங்கும் புறப்படவில்லை. அவர்கள் கடையைத் திறந்து உட்கார்ந்தபடியே இருக்க, எல்லைக்கோடு வந்து அவர்களுக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவிலே விழுந்தது. மறு ஆண்டு, 1957 ஆகஸ்ட் 30இல், கலைவாணர் மறைந்தார். அதற்கு முன்பு அவர் கையெழுத்திட்டுத் தந்த படம் ஒன்று வீட்டிலிருந்தால், அந்த வீட்டார் அதனை ஒரு நடிகரின் படம் என்று மட்டும் எண்ணுவதில்லை. ஊரும் தலைநகரும் ஒன்றாயிருந்த காலத்துச் சாட்சியாகவே அதைப் பார்க்கிறார்கள்.

படங்கள் வந்து சேர்ந்த வழியும் சுவையானது. நடிகரை நேரில் கண்டு கையொப்பம் பெறும் வாய்ப்பு மிகச் சிலருக்கே கிட்டியது. மற்றவர்கள் கடிதம் எழுதிக் கேட்டார்கள். 'பேசும் படம்', 'குண்டூசி' முதலிய பத்திரிகைகளைப் பார்த்து, எந்த நடிகர் எந்த ஸ்டூடியோவில் நடிக்கிறார் என்று அறிந்து, சென்னைக்கும் சேலத்துக்கும் கோயம்புத்தூருக்கும் எழுதுவார்கள். பதிலுக்குத் தபால்தலை ஒட்டி, தம் விலாசம் எழுதிய உறை ஒன்றையும் உள்ளே வைப்பது வழக்கம். திருவிதாங்கூர்க்காரருக்கு இதிலே ஒரு சங்கடம் இருந்தது. அந்த ராஜ்யத்துக்கு 'அஞ்சல்' என்ற பெயரில் சொந்தத் தபால் இலாகா இருந்தது. தனித் தபால்தலையும் இருந்தது. சென்னையிலே அத்தலைக்கு மதிப்பில்லை. நாகர்கோவிலுக்கு எழுதினால் அஞ்சல் தலை போதும்; சென்னைக்கு எழுதினால் இந்தியத் தபால்தலை வாங்க வேண்டும், திரும்பி வரும் உறைக்கும் அதையே ஒட்ட வேண்டும். இந்த வேற்றுமை அறியாமல் சக்கரத் தலையை ஒட்டி அனுப்பிவிட்டு, பதிலை எதிர்பார்த்து வாசலிலே நின்ற சிறுவர்களும் இருந்திருப்பார்கள். 1951ஆம் ஆண்டு அஞ்சல் இலாகா இந்தியத் தபாலோடு இணைந்தபின் இச்சங்கடம் ஒழிந்தது. இன்று தமிழ்நாடெங்கும் தபாலுக்கு 'அஞ்சல்' என்றே பெயர் வழங்குகிறது. சாலையிலே முதியோர் அச்சொல்லைக் கேட்டால் அவர்கள் நினைவு வேறோர் இலாகாவுக்குப் போகும்.

இனி, வந்து சேர்ந்த படத்தைப் பார்ப்போம். சிரிப்பு நடிகரின் நிழற்படம் ஒரு விந்தையான பொருள். கதாநாயகனின் அழகு நிழற்படத்தில் அப்படியே நிற்கும். சொல்லப்போனால் சற்றுக் கூடியே நிற்கும். சிரிப்பு நடிகருக்கோ உயிர் அசைவிலும் குரலிலும் நேரம் பார்த்து ஒரு சொல்லை விடுவதிலும் இருக்கிறது. அசைவும் குரலும் நேரமும் நிழற்படத்தில் விழுவதில்லை. நாகேஷின் படத்தை எடுத்துப் பாருங்கள். 1964ஆம் ஆண்டு 'காதலிக்க நேரமில்லை' பார்த்தவருக்கு அந்த முகத்தைக் கண்டதும் சிரிப்பு வரும். அதைப் பாராத பேரனிடம் காட்டினால், மெலிந்த ஒருவர் நிற்கிறார் என்பதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தோன்றாது. ஆகவே படத்திலே இல்லாததைப் பார்ப்பவரே நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பார்ப்பவரின் நினைவு அழிந்தால் படத்தில் பாதி அழிந்ததாகும்.

மற்றொன்றும் உண்டு. சிரிப்பு நடிகருக்கு இரண்டு முகங்கள். சார்லி சாப்ளின் மீசையை எடுத்து, நரைத்த தலையோடு நின்றால் எத்தனை பேர் அடையாளம் காண்பார்கள்? வேடத்தோடு கூடிய படத்தில் ஒப்பமிடுவதா, சொந்த முகத்தில் ஒப்பமிடுவதா என்பது அந்நடிகரே முடிவு செய்யும் விஷயம். சேர்ப்பவர்களில் பெரும்பாலோர் வேடப்படத்தையே விரும்புவர். நாம் சொந்த முகத்தையே மேலாகக் கருதுகிறோம். கோட்டு அணிந்து, தலை வாரி, சிரிக்காமல் உட்கார்ந்திருக்கும் நகைச்சுவை நடிகரின் படம், அவர் நம்மிடம் வேலையாக வராமல் விருந்தாக வந்ததைப்போல் இருக்கிறது.

அந்தச் சொந்த முகத்துக்குப் பின்னே பல ஊர்களும் பல மொழிகளும் இருந்தன. நாகேஷின் இயற்பெயர் குண்டுராவ். தாராபுரத்துக் கன்னடக் குடும்பத்தில் 1933இல் பிறந்து, ரயில்வேயில் வேலை பார்த்து, பிறகு தமிழரையெல்லாம் தமிழிலே சிரிக்க வைத்தார். ஜே. பி. சந்திரபாபு 1927இல் தூத்துக்குடியில் பிறந்து, இளமையைக் கொழும்பிலே கழித்தவர். வேற்றூரில் வளரும் பிள்ளைகளை வைத்திருக்கும் நேயர்கள் இவற்றைப் படத்தோடு சேர்த்துச் சொல்லலாம்.

சிரிப்பு நடிகரின் கையொப்பப் படம் பேணத்தக்கது என்று நாம் கூறுவதற்கு முதன்மையான காரணம் திரைப்படங்களைச் செய்த முறையிலேயே அடங்கியிருக்கிறது. 1930களிலும் 1940களிலும் நகைச்சுவைப் பகுதி கதையோடு பின்னப்படாமல் தனியாகவே அமைந்த படங்கள் மிகப் பல. கிருஷ்ணன் தம் குழுவினரோடு தாமே அப்பகுதியை எழுதி, தாமே ஒத்திகை பார்த்து, நடித்துக் கொடுப்பார். 1939இல் வெளிவந்த 'சிரிக்காதே' என்பது தனித்தனி நகைச்சுவைத் துண்டுகளைக் கோத்த படமே. இலட்சுமிகாந்தன் கொலை வழக்கிலே சிறை சென்று 1947 ஏப்ரலில் அவர் விடுதலையான பின், எஸ். எஸ். வாசன் தாம் நெடுநாளாக எடுத்து வந்த 'சந்திரலேகா'வில் கிருஷ்ணனுக்கும் மதுரத்திற்கும் காட்சிகளைப் புதிதாகச் சேர்த்தார். படம் 1948இல் வெளிவந்தது. சேர்க்க முடிந்தது என்றால் எடுக்கவும் முடியும். படம் நீளம் என்று தோன்றினால் கதை கெடாமல் வெட்டத்தக்கது எதுவென்று பார்க்கிறவர் கண்ணில் முதலில் படுவது இந்தப் பகுதிதான். சுவரொட்டியிலும் பாட்டுப் புத்தகத்தின் அட்டையிலும் நாயகன் நாயகியின் முகமே பெரிதாயிருக்கும். சிரிப்பு நடிகருக்கு மூலையில் ஓர் இடம் கிடைத்தால் உண்டு. கிருஷ்ணன் நடித்த முதற்படமாகிய 'மேனகா' (1935) இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. துணை நடிகர்கள் பலருக்கு எஞ்சியிருப்பது பட்டியலிலே ஒரு பெயர் மட்டுமே. அத்தகைய ஒருவர் தம் முகத்தின்மேல் தம் பெயரைத் தாமே எழுதியிருக்கும் ஒரு துண்டுக் காகிதம், அவர் இருந்தார் என்பதற்கு ஆதாரமாகிறது.

பெண்களுக்கு இது இன்னும் பொருந்தும். டி. ஏ. மதுரத்தின் பெயரைக் கிருஷ்ணனோடு சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டோம். 1936இல் 'வசந்தசேனா' படப்பிடிப்புக்காகப் பூனா சென்றபோதுதான் இருவரும் அறிமுகமாயினர். சி. டி. ராஜகாந்தம், டி. பி. முத்துலட்சுமி, எம். சரோஜா என்று மேடையிலும் திரையிலும் சிரிக்க வைத்த பெண்கள் பலர். அவர்களுடைய ஒப்பப் படங்களைச் சேர்த்தவர் மிகக் குறைவு. மனோரமா (1937–2015) ஒருவரே இதற்கு விலக்கு எனலாம்.

கடிதம் எழுதிக் கேட்பவருக்குப் படம் அனுப்பும் வழக்கம் 1910களிலேயே அமெரிக்காவில் வேரூன்றியது. கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. நட்சத்திரங்கள் எல்லாவற்றிலும் கையெழுத்திடுவது இயலாத காரியமாயிற்று. படக்கம்பெனிகள் அதற்கென்று ஆட்களை அமர்த்தின. அவர்கள் நட்சத்திரத்தின் கையெழுத்தைப் பழகிக்கொண்டு தாமே எழுதினர். அல்லது முத்திரை குத்தினர். அல்லது கையொப்பத்தோடு சேர்த்தே படத்தை அச்சிட்டனர். இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டவர் ஸ்டான் லாரல். லாரல், ஹார்டி என்ற மெலிந்தவர் பருத்தவர் இணையை நேயர்கள் அறிவார்கள். ஹார்டி 1957 ஆகஸ்ட் 7இல் காலமானார். நம் கலைவாணர் மறைந்ததும் அதே மாதத்திலேதான். தோழர் போனபின் லாரல் நடிக்க மறுத்துவிட்டார். கடற்கரையருகே சிறு வீடு ஒன்றில் இருந்துகொண்டு, உலகெங்குமிருந்து வந்த கடிதங்களுக்கு 1965இல் தாம் இறக்கும் வரையில் தாமே பதில் எழுதினார். தொலைபேசிப் புத்தகத்தில் அவருடைய எண்ணை எவரும் பார்த்துக்கொள்ளலாம். யாரோ ஒருவருக்காகத் தம் பொழுதில் சிறிது நேரத்தை ஒருவர் ஒதுக்கினார் என்பதே கையொப்பத்தின் பொருள். அந்த நேரம் கொடுக்கப்படாத அச்சுக் கையொப்பத்தைப் பொய் என்று நாம் தள்ளவில்லை. அது வேறு பொருள், அவ்வளவே.

எது கையால் எழுதியது, எது அச்சு என்று அறிய எளிய வழிகள் உண்டு. படத்தை விளக்கருகே சாய்த்துப் பிடியுங்கள். மையால் எழுதிய கோடு படத்தின் பளபளப்பிலிருந்து வேறுபட்டு மங்கியோ மின்னியோ தெரியும். பேனா முனை அழுந்திய தடம் தெரியலாம். எழுத்தும் முகமும் ஒரே பளபளப்பாக இருந்தால், ஒப்பமிட்ட ஒரு படத்தை மறுபடி படமெடுத்துப் பிரதி செய்திருக்கிறார்கள் என்பது பொருள். உருப்பெருக்குக் கண்ணாடியின் கீழ் சிறு புள்ளிகளாகத் தெரிந்தால் அது அச்சகத்து வேலை. ரப்பர் முத்திரையில் மை கோட்டின் ஓரங்களிலே தேங்கி நடுவிலே வெளுத்திருக்கும். கையால் எழுதும்போது கோடு தடித்தும் மெலிந்தும் ஓடும். கடைசி எழுத்திலே கை விரைந்து தூக்கியதும் தெரியும்.

காலக் கணக்கும் துணை செய்யும். நார்முனைப் பேனா 1960களில்தான் உலகெங்கும் பரவிற்று. 1957இல் மறைந்தவரின் பெயர் அதனால் எழுதப்பட்டிருக்குமானால் நாம் வாய் திறக்க வேண்டியதில்லை, பேனாவே சொல்லிவிடும். அவ்வாறே, 1946 என்று நாள் குறித்த கலைவாணர் கையொப்பம் விலைக்கு வந்தால், அவ்வாண்டு முழுவதும் அவர் சிறையில் இருந்தார் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

சாலைத் தமிழ் வீடுகளின் தொகுப்புகளிலே ஒரு தனிச் சிறப்பைக் காணலாம். தமிழ் நடிகர்களின் படங்களுக்கு இடையே மலையாள நகைச்சுவை நடிகர்களும் இருப்பார்கள். ஏற்றுமானூர்க்காரராகிய எஸ். பி. பிள்ளை, பகதூர், அடூர் பாசி முதலியோரைச் சென்னையில் அக்காலத்தில் சேர்த்தவர் அரியர். அடூர் பாசி (1927–1990) திருவனந்தபுரத்திலே பிறந்தவர். நகைச்சுவை எழுத்தாளர் இ. வி. கிருஷ்ணபிள்ளையின் மகன், நாவலாசிரியர் சி. வி. ராமன்பிள்ளையின் பேரன். பின்னாளில் வந்த ஜகதி ஸ்ரீகுமார் இந்நகரத்து ஜகதி என்னும் பகுதியின் பெயரையே தம் பெயராகக் கொண்டவர். அவருடைய தந்தையார் என். கே. ஆசாரி திருவனந்தபுரம் வானொலி நிலையத்தில் பணியாற்றிய நாடகாசிரியர். 2012 மார்ச் மாதம் நேர்ந்த கார் விபத்து ஸ்ரீகுமாரைத் திரையிலிருந்து பல ஆண்டுகள் விலக்கி வைத்தது, 2022இல் 'சி. பி. ஐ. 5' என்ற படத்தில் சிறிது நேரம் தோன்றினார். விபத்துக்கு முன்பு அவரிடம் ஒப்பம் வாங்கியவர்கள் அப்படங்களை இப்போது எடுத்துப் பார்க்கும் பார்வையே வேறு. பக்கத்து மொழிக்காரர் எதற்குச் சிரிக்கிறார் என்று தெரிந்துகொள்ளாமல் அவரோடு ஓர் ஊரில் வாழ்வது கடினம். மும்பைத் தமிழர் ஜானி வாக்கரையும் மெகமூதையும் அறிந்ததும் இவ்வாறே.

பாதுகாக்கும் முறை பற்றிச் சில சொற்கள். திருவனந்தபுரத்திலே தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஈரம் படத்துக்குப் பகை. படத்தின் மேற்பரப்பிலே பூஞ்சணம் பிடிக்கும். கண்ணாடியோடு நெருங்கியிருந்தால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய படத்தைப் பிய்த்தெடுத்தால் முகம் கண்ணாடியிலும் காகிதம் கையிலுமாகப் போய்விடும். ஆகையால் சட்டம் போடும் கடையில், படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அட்டை விளிம்பு வைத்து இடைவெளி விடச் சொல்ல வேண்டும். பசை தடவி அட்டையில் ஒட்டுதல் கூடாது. பசைக்காகவே இராமபாணப்பூச்சி வரும். பிளாஸ்டிக் உறைக்குள் உருக்கி ஒட்டும் 'லாமினேஷன்' செய்தால் அதை மீண்டும் எடுக்க வழியில்லை. பக்கமே பிசுபிசுவென்று ஒட்டுகிற ஆல்பங்களையும் தவிர்க்க வேண்டும். எழுதுமை வெயிலிலே படத்தைவிட விரைவாக வெளுக்கும். கடைவாசலை நோக்கி நாற்பது ஆண்டு தொங்கிய படத்தில் முகம் நன்றாயிருக்க, பெயர் மட்டும் மறைந்து போயிருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். சுவரிலே பிரதியை மாட்டிவிட்டு, மூலத்தைக் காகித உறையிலிட்டு, வீட்டில் காற்றோட்டமுள்ள அலமாரியில் வைப்பதே முறை. இரும்புப் பெட்டிக்குள் துணியோடு போட்டு மறப்பது முறையன்று.

இவையெல்லாம் செய்தும் ஒன்றைச் செய்யாவிட்டால் பயனில்லை. கடைத்தெருவுக்குப் பின்னாலுள்ள வீடு ஒன்றில், விற்றுவிட்டுப் போகிறவர்கள் பழம்பொருள்களைப் பிரித்துக்கொண்டிருந்த நாளிலே, நமக்கு ஒரு படம் காட்டப்பட்டது. வெள்ளைச் சட்டையணிந்த ஒருவர், நடு வயது, கண்ணிலே குறும்பு. குறுக்கே சுருக்கமான கையொப்பம். ஓரெழுத்தும் படிக்க முடியவில்லை. வீட்டிலிருந்த முதியவர்கள் மூவரும் மூன்று பெயர் சொன்னார்கள். "இது அண்ணாச்சி வாங்கினது, அவருக்குத்தான் தெரியும்" என்றார்கள். அண்ணாச்சி காலமாகி இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. படத்தைத் திருப்பிப் பார்த்தோம். பின்புறம் வெறுமையாக இருந்தது.

ஆகவே, வீட்டில் இத்தகைய படம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதன் பின்புறத்தில், ஓரமாக, மெல்லிய பென்சிலால் அழுத்தாமல் நான்கு செய்தி எழுதி வைக்கவேண்டும். யார், எப்போது, எங்கே, யாருக்காக எழுதித் தந்தார். பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் தடம் முகத்திலே புடைக்கும். எந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வாங்கினோம் என்பதையும் குறிக்கலாம். எழுதும் மொழி தமிழாக இருக்கட்டும். அதைப் பிள்ளைகள் படிக்கமாட்டார்கள் என்று தோன்றினால், அவர்கள் படிக்கும் எழுத்திலும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். மானக்குறைவு ஒன்றுமில்லை.

'இத்தகைய சிறுபிள்ளைச் சேகரிப்பால் நாட்டுக்கு என்ன ஆகும்?' என்று கேட்போருக்குத் திருவனந்தபுரத்திலேயே விடை உண்டு. பி. கே. நாயர் 1933இல் இந்நகரத்தில் பிறந்தவர். வெண்மணல் பரப்பிய கொட்டகைத் தரையிலே படுத்துக்கொண்டு படம் பார்த்த சிறுவர். அவர் முதன்முதலில் கண்டவை 1940களின் தொடக்கத்தில் வந்த தமிழ்ப் புராணப் படங்கள். 'அனந்தசயனம்' அவற்றுள் ஒன்று. படம் பார்த்த டிக்கெட்டுகளின் அடிச்சீட்டைச் சேர்த்தார். காசு போட்டு எடை பார்க்கும் இயந்திரம் நட்சத்திரங்களின் படம் பொறித்த சீட்டைத் தருமே, அதையும் சேர்த்தார். 1964இல் பூனாவிலே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தோன்றியபோது அதைக் கட்டி வளர்க்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. 1991இல் அவர் ஓய்வு பெறும்போது அங்கே ஏறத்தாழ 12,000 படங்கள் இருந்தன. கிருஷ்ணனும் மதுரமும் சந்தித்த அந்த ஊரிலேயே, நாட்டின் பழைய படங்களுக்கும் இடம் வாய்த்தது தற்செயலே என்றாலும் நமக்கு மகிழ்ச்சி தருகிறது.

நாயரின் காப்பகத்துக்கு 1974இல் வந்து சேர்ந்த படம் ஒன்று 'மார்த்தாண்டவர்மா', சி. வி. ராமன்பிள்ளையின் நாவலை வைத்து நாகர்கோவில்காரர் ஆர். சுந்தரராஜ் 1933இல் தயாரித்த பேசாப்படம். உரிமை வழக்கினால் திரையிடுவது நின்று, பிரதி நாவலை வெளியிட்ட கமலாலயா புத்தகக் கடையிலேயே தங்கிவிட்டது. படத்தை எடுத்தவர்கள் வசமும் இல்லாமல், திரையரங்குகளிலும் இல்லாமல், திருவனந்தபுரத்துக் கடையொன்றிலே நாற்பது ஆண்டு இருந்து பிழைத்தது. கடையலமாரி என்றால் இளக்காரமாக எண்ணுவோர் இதை அறிய வேண்டும். தமிழ்ப்பட உலகிலும் ஒருவர் இப்பணியைத் தனியாளாகச் செய்தார். 'பிலிம் நியூஸ்' ஆனந்தன் பல்லாண்டு தேடிச் சேர்த்த நிழற்படங்களையும் குறிப்புகளையும் 2002ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு வாங்கிக்கொண்டது. நாயரும் ஆனந்தனும் 2016 மார்ச் என்ற ஒரே மாதத்தில் மறைந்தார்கள்.

ஒப்பப் படங்களை விற்பதா, கொடுப்பதா, வீட்டிலேயே வைப்பதா என்று நேயர்கள் சிலர் ஐயுறலாம். நாம் விற்பனைக்கு விரோதியல்லோம். சாலையைப் பற்றிப் பேசிக்கொண்டு அப்படிச் சொல்வது அழகுமன்று. ஆனால் படம் கைமாறுமுன் அதன் முன்புறத்தையும் பின்புறத்தையும், பையிலிருக்கும் தொலைபேசியாலாயினும், நல்ல பகல் வெளிச்சத்திலே தனித்தனியே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உறை இருந்தால் அதையும் எடுங்கள். அதன்மேலுள்ள தபால் முத்திரையில் நாளும் ஊரும் இருக்கும். பழைய அஞ்சல் தலை ஒட்டிய உறையாக இருந்தால், தபால்தலை சேர்ப்பவர் யாரேனும் வந்து தலையை மட்டும் நனைத்து உரித்துக்கொண்டு போக விடாதீர்கள். உறையும் தலையும் படமும் ஒன்றாகவே இருக்கட்டும்.